இரும்புச் சன்னல்கள் சொன்ன பொய்

ஓர்ஸ் ஹில்லில், ஓய்வுபெற்ற தந்தி அதிகாரி கனகசுந்தரத்தின் வீட்டுக்கு வந்த சுபைதா, கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"அவர் வெளியில வராமல் நான் எப்படி ஐயா இருக்கிறது?"

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டுப்போன மறுவருடம் அது. கப்பல் ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் அவள் கணவன் லாபிருக்கு வேலை. அங்கே சோதனைப் பெட்டியொன்று களவுபோயிருந்தது. அது தானாகச் சத்தம் போடாது. பற்றரியில் ஓடும் அதை முடுக்கிவிட்டால் ரேடியோ அலையை அனுப்பும்; பக்கத்து ரேடியோதான் 'கீ' என்று கத்தும். களவுபோனபோது அது முடுக்கியபடியே இருந்தது. நேற்று மாலை ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பட்டறை முழுவதும் தேடினார்கள். லாபிரின் இரும்பு அலுமாரியருகில் அதிகம் கத்தியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் லாபிரைப் பூட்டிவைத்துவிட்டார்கள்.

"பெட்டியை ஒளிச்சு வச்சு எதிரிக்குச் சேதி அனுப்புறாராம். பொழுதுபட முந்திக் கிடைக்காட்டி அவரைப் பட்டாளத்திட்டக் குடுப்பாங்களாம். உளவாளி எண்டா சுட்டுப்போடுவாங்கள், ஐயா!"

துப்பறிவதென்றால் சோறு தண்ணீரை மறந்துவிடும் கார்ச்சாரதி ஜெமீல், அதற்குள் காரை முடுக்கிவிட்டான். கனகசுந்தரம் ஒரு ரேடியோவையும், கம்பி சுற்றிய மரச்சட்டமொன்றையும் எடுத்துக்கொண்டு சுபைதாவோடு ஏறினார்.

பட்டறை வாசலின் உட்புறத்தை மணல் மூட்டைகள் அடைத்துக் கிடந்தன. குண்டுக்குப் பயந்து அடுக்கியவை.

"இத்துப்போன சாக்குகளைக் கழிச்சுக் கடற்கரையில கொட்டப்போறன். வண்டி வருகுது," என்றார் மேற்பார்வையாளர் தவராசா.

கழித்துப் போட்டவற்றில் வழியை மறித்த மூட்டையொன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அந்தக் குவியலிலேயே ஓரமாகப் போட்டான் ஜெமீல். இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாரம் அழுக்காகவில்லை என்பதில் அவனுக்குப் பெரிய நிம்மதி.

"நேற்று எப்படித் தேடினீங்கள்?" என்று முதலாளி அருளம்பலத்திடம் கேட்டார் கனகசுந்தரம்.

"விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாத இருட்டடிப்பு நேரம். வழக்கம்போல இரும்புச் சன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திப்போட்டுத்தான்."

"இப்ப எல்லாத்தையும் திறவுங்கோ."

ஜெமீலுக்குப் பொறுக்கவில்லை. "சத்தம் கூடின இடந்தானே ஐயா கிட்டவான இடம்?"

"கிணத்துக்குள்ள ஒருத்தன் கத்தினா எந்தப் பக்கத்தால கத்துறான் எண்டு சொல்ல ஏலுமோ? ரேடியோ அலையும் இரும்பில பட்டுத் திரும்பும். நேற்று இவையள் கேட்டது எதிரொலியை."

ரேடியோவில் பொருத்திய சட்டத்தை மெல்லத் திருப்பினார். ஒரு திசையில் 'கீ' அடங்கியது.

"சட்டத்தின்ர முகம் பெட்டியைப் பார்த்தாச் சத்தம் செத்துப்போகும். அந்தத் திசையில கோடு போடு."

ஜெமீல் சோக்கட்டியால் கோடு போட்டான். இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் அலுமாரிப் பக்கமே போகாமல், வாசலில், கழித்துப்போட்ட மூட்டைகளில் போய்ச் சந்தித்தன.

"அது மண்தானே!" என்றார் அருளம்பலம்.

"ஓம். கேற்றில காவல்காரன் பையெல்லாம் சோதிப்பான். மண்மூட்டையை ஆர் சோதிக்கிறது? தவராசா, இத்துப்போன சாக்கைத் தூக்கினா மண் கொட்டவேணும். ஜெமீலின்ர சாரத்தைப் பாரும், ஒரு பொட்டு மண் இல்லை. நல்ல சாக்கை ஏன் கழிச்சனீர்?"

எல்லோரும் சாரத்தைப் பார்த்தார்கள். தவராசா மட்டும் மூட்டையைப் பார்த்தார்.

ஜெமீல், தான் தூக்கிப்போட்ட அதே சாக்கைக் கிழித்தான். மணலோடு பெட்டி வந்து விழுந்தது.

"நல்ல விலைக்கு ஆள் இருந்தது..." என்று முனகினார் தவராசா. ஒரு மனிதனின் உயிர் போகவிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பூட்டைத் திறந்தார்கள். லாபிர் கண் கூச வெளியே வந்தான். காலையிலிருந்து நின்ற சுபைதா, மணல் மூட்டையொன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கதிரை கொண்டு வரட்டோ, தங்கச்சி?" என்றான் ஜெமீல்.

"வேணாம் நானா," என்றாள் அழுதுகொண்டே. "இனி எதில இருந்தாலும் சரிதான்."