வீட்டுக்கு வாங்கண்ணா

கணவாயின் உச்சியில் காலேப் வண்டியை ஓரங்கட்டினான். என்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

பதினேழாயிரம் அடி உயரத்தில் என்ஜினை அணைக்கக் கூடாது என்பது சோதனை ஓட்டுநர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அந்தக் குளிரில் டீசல் மெழுகாக இறுகிவிடும். இறுகியபின் வண்டி வெறும் தகரப் பெட்டி. உள்ளே இருப்பவன் கதையும் அதோடு சரி.

இன்னும் பெயர் வைக்காத புது டீசல் பிக்கப் அது. மறைமலை நகர்ப் பக்கம் உருவானது. விற்பனைக்கு வருமுன், காற்று மெலிந்த மலையில் எப்படி இழுக்கிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று பார்க்க லடாக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அடையாளம் தெரியக் கூடாதென்று உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி போட்ட ஸ்டிக்கர். கூட வந்த இன்ஜினியர் ஹர்ஷா வந்த வேகத்தில் மூச்சு முட்டி, லே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் பிடித்து, விமானத்தில் சென்னைக்குப் போய்விட்டான். கடைசி ஓட்டம் காலேப் தலையில் விழுந்தது. அதை முடித்து, வண்டியையும் அவனே ஊர்வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

தனியாக இருப்பது அவனுக்குப் புதிதல்ல. மனைவி ஈவ்லின் மஸ்கட்டில் நர்ஸ். மகள் ஜெரூஷாவும் அங்கேதான் படிக்கிறாள். சேலையூர் மாடி வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு தட்டு, ஒரு டம்ளர். மே மாத லீவுக்கு இருவரும் வருகிறார்கள். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மலையெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

அங்கே சிக்னல் கிடையாது. செல்லில் சேமித்திருந்த மகளின் குரலை ஓடவிட்டான்.

"அப்பா, ஏர்போர்ட்லேருந்து வரும்போது நான்தான் முன் சீட்டு. அம்மா பின்னாடி. ப்ராமிஸ்?"

கண்ணுக்கு எட்டியவரை ஒரு புல் இல்லை. கீழே வெள்ளை, மேலே கண் கூசும் நீலம். என்ஜின் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, தமிழுங்களா?"

காலேப் திடுக்கிட்டுத் திரும்பினான். பூட்டிக் கிடந்த தகர டீக்கடையின் வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றிப் பச்சை மப்ளர். முகம் கறுத்து உலர்ந்திருந்தது. புருவத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பனியாக இருக்கும்.

வண்டியை நிறுத்தும்போது அங்கே யாரும் இருந்ததாக அவனுக்கு நினைவில்லை. ஆனால் பல நாள் கழித்துக் காதில் விழுந்த தமிழ் வேறு எதையும் யோசிக்க விடவில்லை. ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"நமக்குச் சங்ககிரிப் பக்கமுங்க. பேரு குமரேசன். லோடு ஏத்திக்கிட்டு வந்தனுங்க. டீசல் மிச்சமாகுமேன்னு செத்த நேரம் வண்டிய அணைச்சுப்போட்டேன். மறுக்கா எடுக்கல."

"லாரி எங்கண்ணா?"

"பின்னால நிக்குதுங்க."

பின்னால் வளைவு இருந்தது. வளைவுக்கு அப்பால் பள்ளம் இருந்தது. லாரி எதுவும் தெரியவில்லை.

"க்ளீனர் ஆளக் கூட்டியாறேன்னு போனானுங்க. வந்துருவானுங்க."

"எப்பப் போனாரு?"

குமரேசன் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

காலேப் டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தான். ஆவி பறக்கிற டீ. குமரேசன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த மாத்திரத்தில் ஆவி நின்றுவிட்டது.

"ஏறுங்கண்ணா. கீழ செக்போஸ்ட்ல விட்டுடுறேன்."

"கூப்புடாத எடத்துக்கு எப்படிங்க வர்றது? தம்பிக்கு எந்த ஊருங்க?"

"தாம்பரம் பக்கம். சேலையூர். கேம்ப் ரோட்லேருந்து உள்ள போகணும்."

"ஊட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"இப்போதைக்கு நான் மட்டும்தாண்ணா."

"தனியாவா."

அந்தச் சொல்லை அவர் கற்கண்டு மாதிரி வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார்.

காலேப்புக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. கிளம்ப வேண்டும். கிளம்பும்போது, நம்மில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிறதை அவனும் சொன்னான். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தானே இறங்குகிறோம்? சொல்லி யார் வந்திருக்கிறார்கள்?

"நம்ம பக்கம் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வாங்கண்ணா."

குமரேசன் எழுந்து நின்றார்.

"இத்தன வண்டி போச்சுங்க இந்த வழியா. ஒருத்தரும் இப்படிக் கூப்புடல. வர்றனுங்க தம்பி."

முதல் வளைவில் மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கிற மணி. காலேப் மெல்லத் திரும்பிப் பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. ஒரு பை, ஒரு காகிதம்கூட இல்லை. மணி மட்டும் விடாமல் அடித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நிறுத்த இடமில்லை. கையை நீட்டி, காலிச் சீட்டின் பெல்ட்டை இழுத்து, அவனே மாட்டிவிட்டான்.

மணி நின்றது.

இழுக்கும்போது பெல்ட் ஓர் ஆள் அகலத்துக்கு நீண்டதை அவன் ஊர் வந்து சேரும்வரை மறக்கப் பார்த்தான்.

*

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. பெருங்களத்தூரில் தார் இளகி டயரில் ஒட்டியது. காலேப் ஜன்னலை மூடி வைத்திருந்தான். ஏசி போடவில்லை. போடத் தேவைப்படவில்லை.

தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது பிக்கப் திணறியது. ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தும் இழுவை இல்லை. பின்னால் கரும்புகை. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து கத்தினார்.

"இன்னா சார், வண்டியா இது, செங்கல் சூளையா? பேஜார் பண்ணாத, ஓரமாப் போ!"

டாஷ்போர்டில் உயரம் காட்டும் கருவி இருந்தது. அதில் பதினேழாயிரத்துச் சொச்சம் அடி என்றிருந்தது.

ஹர்ஷாவுக்கு போன் போட்டான். மறுமுனையில் சிரிப்பு.

"அண்ணா, எப்போலேருந்துண்ணா தாம்பரம் மேம்பாலம் இமயமலை ஆச்சு? சென்சார் அவுட்டுண்ணா. வண்டிய ஷெட்ல விட்டுட்டுப் போய்த் தூங்குங்க."

"ஹர்ஷா, பக்கத்து சீட்டுக் கண்ணாடியில உள்பக்கம் பனி உறைஞ்சிருக்கு."

சிரிப்பு நின்றது.

"இந்த வெயில்லயா?"

"ஆமா."

"தூங்குங்கண்ணா" என்றான் ஹர்ஷா, வேறு குரலில்.

அன்றைக்கு ஷெட் பூட்டியிருந்தது. பிக்கப்பை வீட்டுக்கே ஓட்டி வந்து, கீழே வேப்பமரத்தடியில் நிறுத்தினான். மறுநாள் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டான். ஒப்படைக்கும்போது பக்கத்துச் சீட்டின் பெல்ட் கழற்றியிருந்ததைப் பார்த்தான். அவன் கழற்றவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்வை வழிய வழிய வந்தான். அந்த வேர்வை எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

வீட்டு மாடிப்படியில் கால் வைத்ததும் வேர்வை நின்றது.

பாதிப் படியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்று, இரண்டு படி ஏறி, மறுபடி நின்றான். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போனதாக ஞாபகம். அடுப்பைப் பற்றவைத்தால் நெருப்பு மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது. உலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்தது. ஆனால் அரிசி வேகவில்லை. எவ்வளவு நேரம் கொதித்தும் நடுவில் நறுக்கென்று கடிபட்டது. மலையில் அப்படித்தான் இருக்கும். காற்று மெலிந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கும், சோறு வேகாது.

அவன் இருந்தது சேலையூரில்.

கண்ணாடியில் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

கீழ்வீட்டுக் கன்னியம்மா துணி காயப்போட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, ஊர்லேருந்து ஒறமொறையா வந்துகீறாங்க?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"இல்லையா? காலையில படியில உக்காந்துகினு இருந்தாரே ஒர்த்தரு. இந்த வெயில்ல தலைல மப்ளரு! 'இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா'ன்னு கேட்டேன். 'தம்பி கூப்புட்டாருங்க, வந்தனுங்க'ன்னாரு. பாவம், மொகமே வாடிப்போயி கீது. வந்தவருக்குச் சோறு போட்டியா இல்லியா?"

காலேப் அக்காவின் வாளித் தண்ணீரைப் பார்த்தான். மேலே கண்ணாடித் தகடு போல மெலிசாக ஏதோ மிதந்தது. அவர் அதைக் கவனிக்காமல் துணியைப் பிழிந்தார். சின்னச் சத்தத்துடன் அது உடைந்தது.

ஈவ்லின் போன் செய்தாள். நாளை மறுநாள் விமானம்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"படி ஏறினேன்."

"ஜெரூஷாக்கு நெஞ்சுச் சளி இன்னும் முழுசாப் போகல. வீட்ட நல்லாக் கூட்டி வைங்க. தூசி ஆகாது அவளுக்கு."

ஆஸ்துமாக் குழந்தை. சமவெளியிலேயே இன்ஹேலர் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். இந்த அறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று காலேப்புக்குத் தெரியும். ஹர்ஷா நல்ல திடகாத்திரமான பையன். அவனையே அந்தக் காற்று இரண்டு நாளில் படுக்க வைத்துவிட்டது.

அவள் வருவதற்குள் வந்தவர் போயாக வேண்டும்.

ஜெபம் செய்து பார்த்தான். பாதி ஜெபத்தில் மூச்சு தீர்ந்தது. கண்ணை மூடியபடி யோசித்தான். பேயென்று விரட்ட வாய் வரவில்லை. அவராக நுழைந்தவர் இல்லை. கூப்பிட்டது இவன். கூப்பிட்ட வீட்டில் இன்னும் ஒருவாய் சோறு போடவில்லை. சாப்பிடாமல் எந்த விருந்தாளி கிளம்புவார்?

மறுநாள் பட்டப்பகலில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துச் சமைத்தான். குக்கரில் வைத்தான். ஆவியை அடக்கினால்தான் அந்த உயரத்தில் அரிசி வேகும். விசில் வருவதற்குள் அவனுக்கே மூச்சடைத்தது. வந்தது. தக்காளி ரசம், முட்டைப் பொரியல், அப்பளம். மேசையில் இரண்டு தட்டு வைத்தான். வீட்டில் இரண்டாவது தட்டு எடுத்து எத்தனை காலமாயிற்று!

"அண்ணா" என்றான். "சாப்பிட வாங்க."

எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

டீசல் வாடை அடித்தது. நாள்பட்ட, உறைந்த டீசல்.

காலேப் தன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. ரசம் ஊற்றினான். சோற்றில் எழுந்த ஆவி சட்டென்று அறுந்தது. நெடுநேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு பழவண்டிக்காரர் ஒலிபெருக்கியில் மாம்பழம் விற்றுக்கொண்டு போனார்.

"ஊட்டுச் சோறுங்க." குரல் மிக அருகில், மிக மெலிதாக இருந்தது. "மறந்தே போச்சுங்க."

காலேப்புக்குப் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. இரண்டு வருஷமாக எதிரில் ஆளில்லாமல் சாப்பிட்டவன் அவன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணா?"

"போதுமுங்க. புள்ள வருதுங்களாமா?"

காலேப் ரசக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு."

"அப்ப நான் இருக்கக் கூடாதுங்க. எனக்குந் தெரியுமுங்க." நாற்காலி மறுபடி நகர்ந்தது. "போயிட்டு வர்றனுங்க தம்பி."

கண்ணில் நீர் முட்டியது. காலேப் எழுந்து, யாரும் தெரியாத வாசலுக்கு நேராகக் கைகூப்பினான். போகட்டும், போய்விடட்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

"நீங்களும் ஒருக்கா நம்ம பக்கம் வாங்க. அங்க ஒருத்தனாக் கெடக்கறனுங்க."

நம் வாய்க்குப் பழகிய பதில் ஒன்று உண்டு. யோசிக்காமல் வருவது.

"கண்டிப்பா வர்றேண்ணா."

படியில் கனத்த காலடிகள் இறங்கின. கீழே ஒருமுறை நின்றன. பிறகு தெருவின் அனல் அப்படியே அறைக்குள் புகுந்தது. அடுப்பு நீலமாக எரிந்தது. காலேப் தரையில் உட்கார்ந்து சட்டை நனைய நனைய வேர்த்தான். வேர்வையைத் துடைக்காமல் சிரித்தான்.

எதிர்த் தட்டில் சோறு அப்படியே இருந்தது. கல்லாக உறைந்து.

*

ஏர்போர்ட் வாசலில் ஜெரூஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஈவ்லின் அவன் கன்னத்தைத் தொட்டு, "இளைச்சுட்டீங்க" என்றாள். அவனுடைய பழைய டீசல் காரில் ஏறினார்கள். ஜெரூஷா முன் சீட்டில் தாவி, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். மணி எதுவும் அடிக்கவில்லை. காலேப் நிம்மதியாக வண்டியை எடுத்தான்.

உச்சி வெயில். பல்லாவரம் சிக்னலில் ரோடு தண்ணீர் போல நெளிந்தது. காரில் ஏசி வேலை செய்யாது. ஈவ்லின் துப்பட்டாவால் விசிறிக்கொண்டாள். ஜெரூஷாவின் மூக்கு நுனியில் வேர்வை அரும்பியது. அவள் ஸ்கூல் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். காலேப் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"அப்பா, உங்க வாய்லேருந்து புகை வருது!"

"புகையா?"

அந்தச் சொல்லோடும் வெளியே வந்தது. வெள்ளையாக, மெலிதாக. குளிர்நாட்டில் பேசுகிறவன் வாயிலிருந்து வருமே, அதுபோல.

காலேப் வாயை மூடிக்கொண்டான். மூக்கு வழியாக இரண்டு கோடுகளாக வந்தது.

"பீடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஈவ்லின் சிரித்தாள்.

அதன் பிறகு அவன் பேசவில்லை. கேம்ப் ரோடு திரும்பி, தெருவுக்குள் நுழைந்து, வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினான். அவர்கள் இறங்கினார்கள். பெட்டிகளை எடுத்தார்கள். கன்னியம்மா வந்து பெண்ணின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார்.

"வாங்கப்பா! என்ன உக்காந்தே இருக்கீங்க?"

காலேப்பின் விரல்கள் சாவியில் இருந்தன. பனி கடித்தது போல நுனிகள் கறுத்திருந்தன. மகளைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறக்காமல் சிரித்தான்.

என்ஜினை மட்டும் அணைக்கவில்லை.