பதினாலு பேருக்கு ஒரே கிருமி

டெய்லர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் லேப் அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். பச்சைச் சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் பளிச்சென்று சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது.

"இந்தப் பொத்தான் நீங்களே தெச்சதா?"

"ஆமாக்கா, நேத்துதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். விஷயத்தைச் சொல்லுங்க."

அக்கா முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் சளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும், மருந்து மாத்திரை விவகாரத்தில் யாருக்காவது வில்லங்கம் வந்தால் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கதவைத் திறப்பவர் அவர் கணவர், பழைய பஸ் கண்டக்டர். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றவாளி யார் என்று முடிவு கட்டிவிடும் மனிதர்.

டெய்லர் நான்காக மடித்த அறிக்கையை நீட்டினார். "நாட்டுல எத்தனை வகை டி.பி. கிருமி இருக்குன்னு கணக்கெடுக்கறாங்களாம். எங்க தெருவுல டப்பா குடுத்து சளி வாங்கிட்டுப் போனாங்க. பதினாலு டப்பா. பதினாலுலயும் நோய், பதினாலும் ஒரே கிருமின்னு வந்துடுச்சு. லிஸ்ட்ல முதல் பேரு என்னுது. அதனால நான்தான் பரப்பினேனாம்." குரல் உடைந்தது. "நாலு மாசமா மாத்திரை முழுங்கறேன். ஓனர் கடையைப் பூட்டிட்டாரு. மாமனார் வந்து பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் இருமினதே இல்லக்கா!"

"எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"சுத்தமா இருந்துச்சு. சளியே சொல்லியாச்சு, எக்ஸ்ரே என்ன சொல்றதுன்னுட்டாரு சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டர்."

"டப்பாவுல என்ன குடுத்தீங்க?"

"எச்சில்தான். எவ்ளோ காறினாலும் தண்ணியாத்தான் வந்துச்சு. லிஸ்ட்ல ஒம்பதாவது பேரு ஒரு லாரி டிரைவர், அவன் கதை இதைவிடக் கூத்து. சளி எடுத்ததா போட்டிருக்கற வாரம் அவன் லாரியோட வெளியூர்ல இருந்தான். கேட்டா, தேதி மாறியிருக்கும்ங்கறாங்க."

"மாத்திரை யாரு குடுக்கறா?"

"டப்பா வாங்கிட்டுப் போன அதே அம்மாதான். தினம் காலைல வந்து, எண்ணிக் குடுத்து, முழுங்கறதைப் பாத்துட்டுத்தான் போவாங்க. தெருவுல என்கிட்ட முகம் குடுத்துப் பேசற ஒரே ஆளு அவங்கதான்."

கண்டக்டர் தொடையில் தட்டினார். "லேப்ல தப்பு! ஒரு டப்பா சளி மத்ததுல சிந்தியிருக்கு. கேஸ் முடிஞ்சுது!"

"ஏங்க, ஆள் ஏறறதுக்கு முன்னாடியே விசில் அடிக்காதீங்க," என்றார் அக்கா.

அன்று பகலே அக்காவும் கண்டக்டரும் லேபுக்குப் போனார்கள். பழைய பழக்கத்தில் ரிஜிஸ்டர் மேசைக்கு வந்தது. டெய்லர் தெருவின் டப்பாக்கள் மூன்று வெவ்வேறு நாட்களில் வந்திருந்தன. ஒவ்வொரு நாளும் மற்றத் தெருக்களின் டப்பாக்களோடு ஒரே தட்டில் வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். அந்த மற்றத் தெருக்களில் நோய் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வகைக் கிருமி. 'சளியின் தோற்றம்' என்ற பத்தியில் அக்காவின் விரல் நின்றது. பதினாலு வரியிலும் ஒரே வாசகம்: கெட்டி, மஞ்சள், ரத்தக் கோடு.

"நம்மாளு தண்ணின்னாரே?" என்றார் கண்டக்டர்.

"அதான் நானும் பாக்கறேன்."

திரும்பும் வழியில் கண்டக்டர் விடவில்லை. "ஒரே தெருன்னா ஒரே கிருமி இருக்கக்கூடாதா? ஒட்டுற நோய்தானே?"

"அந்தத் தெருவுல எங்கெங்கிருந்தோ வந்து குடியிருக்காங்க. இந்த நாட்டுக் கிருமியில பெரிய குடும்பமே நாலு இருக்கு, அதுக்குள்ள கிளை எத்தனையோ. நாலைஞ்சு வகையாவது கலந்திருக்கணும். சரி, ஒருத்தர்கிட்டேருந்தே பரவுச்சுன்னு வெச்சுப்போம். உடம்பு மாறி உடம்பு போய், உள்ளே கிடந்து பெருகறப்போ அங்கங்க ஒரு சின்ன மாற்றம் விழும். ரெண்டு பேர்கிட்ட விழலைன்னா நம்பலாம். பதினாலு பேர்கிட்டயும் விழலைன்னா?"

கண்டக்டர் யோசித்தார். அவருக்கு அது அபூர்வம்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அலமாரியில் சளி டப்பாக்கள் அடுக்கியிருந்தன. பெரியவர்களுக்குச் சிவப்பு மூடி, பிள்ளைகளுக்குப் பச்சை மூடி. டப்பாக்காரம்மா வாசல் படியில், முகக்கவசத்தோடு, பதினாலு காகித உறையில் மாத்திரை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் தூக்கும்போதெல்லாம் கடிகாரம் முழங்கை வரை வழுக்கியது. வாரில் கடைசித் துளையையும் தாண்டி, காய்ச்சிய ஊசியால் குத்திய இரண்டு புதுத் துளைகள். காலடியில் இருமல் மிட்டாய் சுற்றிய தாள்கள்.

"உள்ள ஃபேன் இருக்கே, ஏன் வெளியில?" என்றார் அக்கா.

"இங்கதான் காத்தோட்டமா இருக்குக்கா."

"தங்கமான பொம்பளை," என்றார் கண்டக்டர் திரும்பும்போது. "எனக்கு அந்த டாக்டர் மேலதான் சந்தேகம்." வீடு வரும்வரை அக்காவின் முகம் சரியாக இல்லை.

அடுத்த நாள் அதே நிலையத்து அறையில் பெரிய டாக்டர், டெய்லர், டப்பாக்காரம்மா மூவரையும் அக்கா உட்காரச் சொன்னார். டப்பாக்காரம்மா மட்டும் உட்காரவில்லை. எல்லோரையும் விட்டு விலகித் திறந்த ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"இது தெருவுல பரவின கிருமி இல்ல டாக்டர்," என்று அக்கா நிதானமாக ஆரம்பித்தார். "பரவியிருந்தா பதினாலுல ஒண்ணுலயாவது வித்தியாசம் இருக்கும். லேப்ல கலந்ததும் இல்ல. மூணு நாள், மூணு தட்டு. பக்கத்து டப்பாவெல்லாம் வேற வேற கிருமி. அப்போ பதினாலும் லேபுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணாயிடுச்சு. எச்சில் குடுத்தவர் டப்பாவுல கெட்டிச் சளி. ஊர்லயே இல்லாதவர் டப்பாவுலயும் கெட்டிச் சளி. பதினாலும் ஒரே ஆளோட சளி."

"யாரோட சளி?" என்று டாக்டர் சிரித்தார்.

"பதினாலு டப்பாவையும் தொட்ட கை ஒண்ணுதான்."

டப்பாக்காரம்மா மறுக்கவில்லை. முகக்கவசம் மட்டும் மேலும் கீழும் அசைந்தது.

"எச்சில் டப்பா கொண்டுபோனா திருப்பி அனுப்பறாங்கக்கா. மூணு தடவை திருப்பினா அடுத்த வருஷம் வேலை இல்ல. பாதி வீட்டுல கதவே திறக்கல. எனக்கு அப்போ சளி நிறைய வந்துக்கிட்டிருந்துச்சு. தூசின்னு நெனச்சேன். வீணாத்தானே போகுது, 'நோய் இல்ல'ன்னு வந்துடும், யாருக்கு என்ன கெடுதல்னு..."

"முடிவு வந்ததும் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. வாயைத் திறந்தா வேலை போயிடும். எனக்கும் பொண்ணுக்கும் வேற நாதி இல்ல."

"பாவி!" என்று டெய்லர் பாய்ந்து எழுந்தார். "தினம் என் மூஞ்சியைப் பாத்து மாத்திரை குடுத்தியே! என் குடும்பமே போச்சே!"

கண்டக்டர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நாலு மாசமா இத்தனை மாத்திரை உங்க கையில," என்றார் அக்கா. "நீங்க ஒண்ணாவது போட்டுக்கிட்டீங்களா?"

"எப்படிக்கா? எல்லாம் எண்ணிக் குடுத்தது. ஒண்ணு குறைஞ்சாலும் என்னைத்தானே கேப்பாங்க."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. பரவலைக் கண்டுபிடிச்சதுக்குப் பாராட்டுக் கடிதமே வந்தாச்சு. இனி அதைப் போய்..."

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" அக்காவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பதினாலு பேருக்கும் இன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு, புதுசா சளி எடுங்க. அந்த மாத்திரையில ஒண்ணு கண்ணுக்கு ஆகாது. சிவப்பும் பச்சையும்தான் முதல்ல குழம்பும். மாசாமாசம் கண்ணைப் பாக்கணும், பாத்தீங்களா?"

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார்.

"எனக்கு கண்ணு நல்லாத்தான்கா தெரியுது," என்றார் டெய்லர். "கடைதான் வேணும். புள்ளை வேணும்."

அக்கா அவர் சட்டைப் பொத்தானை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு சிவப்பு மூடி டப்பாவை எடுத்து டப்பாக்காரம்மாவிடம் கொடுத்தார். "இதுல உங்க பேரை எழுதுங்க." அவர் எழுதினார். ஊரார் பெயரையெல்லாம் எழுதிய கை, தன் பெயரை எழுதுவது அதுதான் முதல் தடவை.

"பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"ஏழு. முடிவு வந்த நாள்லேருந்து தள்ளித்தான்கா படுக்கறேன்."

"அதுக்கு முன்னாடி?"

டப்பாக்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அலமாரியிலேருந்து பச்சை மூடி டப்பா ஒண்ணு எடுங்க," என்றார் அக்கா டெய்லரிடம், மிக மெதுவாக.

டெய்லர் வேண்டாவெறுப்பாக எழுந்து போனார். அலமாரித் தட்டில் இரண்டு வரிசையாக டப்பாக்கள் இருந்தன. அவர் கை ஒரு வரிசைக்குப் போனது, நின்றது, அடுத்த வரிசைக்குப் போனது. குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எதுக்கா பச்சை?"

கண்டக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். டெய்லர் கையில் இருந்த டப்பாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

டப்பாக்காரம்மாதான் வந்து பச்சை மூடி டப்பாவை எடுத்துக்கொண்டார். அதன் சீட்டில் மகளின் பெயரை எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது.