ஒன்பதாம் கூண்டுத் தாய்க்காரி

ஐம்பத்தாறாம் வருஷம், இலங்கைத் தேயிலை மலையில் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவுக்குப் பூரணி முதன்முதலாக வேலைக்குப் போனபோது நல்ல வெயில். துரை கப்பலேறிய பிறகு வௌவால் குடியிருந்த அந்த வீட்டைக் கொழும்பு டாக்டர் ஒருவர் எடுத்து, காட்டுக் குரங்குகளைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார். ஏதோ ஊசி மருந்து கண்டுபிடிக்கத்தானாம். மலையேறிக் கொழுந்து கிள்ளி முதுகு ஒடிவதற்குக் கூண்டு கழுவுவது மேல் என்று கங்காணி சொல்ல, பூரணியும் தலையை ஆட்டிவிட்டாள்.

கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. புளித்த பழம், ஈரச் சாக்கு, அதற்கும் அடியில் ரத்தம் கலந்த கழிச்சல். பதினாறு கூண்டிலும் குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தன. மரம் மரமாகத் தாவித் திரிந்தவற்றை ஒன்றின் அசிங்கத்தில் ஒன்றாக அடைத்தால் வேறு என்ன வரும்? அத்தனை படித்த மனுஷனுக்கு இது தெரியவில்லை.

"கூண்டு கழுவுன கையோட புள்ளையத் தூக்கிறாத. சவுக்காரம் போட்டுக் கழுவு," என்றார் அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த மூக்கன்.

"சவுக்காரம் எங்கண்ணே?"

"டாக்டரு ரூமுல. பூட்டியிருக்கு."

பூரணி சாம்பலைப் போட்டுத் தேய்த்து, பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். புருஷனை மண்சரிவில் பறிகொடுத்தவளுக்கு மிச்சம் இருந்தது ஒன்றரை வயது அம்மாக்கண்ணு ஒருத்திதான்.

பத்தாம் நாள் அம்மாக்கண்ணுவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. சளியும் ரத்தமுமாக. லயத்து அறையில் அந்த வாடை எழுந்ததுமே பூரணி தன் கையை முகர்ந்து பார்த்தாள். தன் கையால்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைத் தண்ணி மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது.

பங்களாவுக்கோ கொழும்பிலிருந்து கொஞ்சம் குளிசை மருந்து வந்திருந்தது. ஒன்பதாம் கூண்டில் இருந்த பெண் குரங்குக்கு மட்டும், வாழைப்பழத்துக்குள் வைத்து, காலையும் மாலையும் நாலு நாள் கொடுக்க வேண்டும். அதன் குட்டி போன வாரம் இதே கழிச்சலில் செத்திருந்தது. தாய்க்காரி என்றுதான் மூக்கன் அதைக் கூப்பிடுவார்.

பூரணி பழத்தைப் பிளந்து குளிசையை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். வெறும் பழத்தை நீட்டினாள்.

தாய்க்காரி அதை வாங்கிப் பிட்டுப் பார்த்தது.

பிறகு பூரணியைப் பார்த்தது.

நாலு நாளும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மாக்கண்ணு கஞ்சி கேட்டாள். அதே காலையில் தாய்க்காரி, கம்பிக்கு வெளியே கையை நீட்டியபடி விறைத்துக் கிடந்தது.

"மருந்து குடுத்தும் போயிருச்சே," என்றார் மூக்கன். பூரணிக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான்.

குழந்தையை மறுபடியும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காளியாயி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஒம் மக இப்பல்லாம் அழுவுறதே இல்ல புள்ள. தொட்டிலு தானா ஆடுது."

"காத்தா இருக்கும்க்கா."

"சன்னலெல்லாம் சாத்தித்தானே கெடக்கு?"

அன்று குழந்தையின் தலையில் ஒரு பேன் இல்லை, ஈர் இல்லை. யாரோ முடி முடியாக விலக்கிப் பார்த்திருந்தார்கள். காளியாயி அந்தத் தலையைத் தொடவே இல்லையாம்.

மறுநாள் பூரணிக்குக் கூண்டில் கை ஓடவில்லை. நடுப்பகலிலேயே போட்டது போட்டபடி இறங்கி ஓடினாள். பனி வாசல்வரை வந்து நின்றது. பிள்ளைக்காம்பராவுக்குள் கால் வைத்ததும் அந்த வாடை.

பாயில் அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சொருகிக்கொண்டு.

அவள் முடி தானாக விலகியது.

வகிடு இங்கே ஒன்று. அங்கே ஒன்று.

பூரணி பாய்ந்து குழந்தையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் இருந்து யாரோ இழுத்தார்கள். குழந்தையின் விலாவில் சின்னச் சின்னதாகக் குழி விழுந்தது, விரல் விரலாக.

"அம்மா!" என்று அலறினாள் அம்மாக்கண்ணு.

எந்த அம்மாவை?

காளியாயியும் ஓடிவந்து சேர்ந்து இழுத்தாள். குழந்தையின் தோளில் 'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

"விட்டுருங்கக்கா! புள்ள செத்துரும்!"

காளியாயி விட்டாள். பூரணியும் விட்டாள்.

"நாந்தான் எடுத்தேன்," என்று வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "என்னையக் கொண்டுபோ. எம் புள்ளையக் குடுத்துரு தாயே."

அழுகை உடனே நின்றது. அம்மாக்கண்ணு முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக முன்னும் பின்னும் ஆடியபடி தூங்கிப்போனாள்.

பாய்க்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.