பூட்டிய அறையில் மீரானின் குரல்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருடம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கி, உறையூரில் தம்பி மீரானின் வீட்டுக்குள் நுழைந்தாள் வஹீதா.

"வாங்கக்கா" என்றாள் மீரானின் மனைவி மஜீதா.

"பஸ்ஸா அது? வாழைத்தாரோட தாரா என்னையும் அடுக்கிக் கொண்டாந்துட்டான்!"

மஜீதா சிரிக்கவில்லை. கூடத்தில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்த கணவனைக் காட்டினாள். போன ஆடியில் மகள் ஷரீபா காவிரியில் மூழ்கியதிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"நேத்து கொதிக்கிற பானையை வெறுங்கையால தூக்கினாரு. வலிக்கலைங்கிறாரு. இப்படியே விட்டா இவரும் நமக்கு இல்லக்கா."

அப்போது அது கேட்டது.

பின்கட்டு அறையில் யாரோ விம்மினார்கள். ஆண் குரல். புகையிலை வாடையை மீறி ஆற்றுச் சேற்றின் நாற்றம் வந்தது.

"யாருடி உள்ள?"

"யாருமில்லக்கா. பூட்டிதான் கிடக்கு. தினம் உச்சி வேளைக்கு இப்படித்தான்..."

வஹீதா காதைத் தீட்டிக் கேட்டாள்.

அது மீரானின் குரல்.

மீரானோ எதிரில், வாய் திறக்காமல் இலையை உருட்டிக்கொண்டிருந்தான்.

வஹீதா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொப்புளம் போட்ட கையை எடுத்து எண்ணெய் தடவினாள்.

"ஏன்டா அழவே இல்ல?"

"புள்ளையோட மய்யித்து மேல கண்ணீர் படக்கூடாதுன்னாங்க. அழுதா புள்ளைக்கு வேதனைன்னாங்க. அடக்கினேன். அப்புறம் வரவே இல்லக்கா."

"ஒப்பாரி வைக்காதேன்னுதான்டா சொல்லியிருப்பாங்க, கிறுக்கா. கண்ணுத் தண்ணிய யாரு வேணாம்னா?"

விம்மல் கதவருகே வந்துவிட்டது.

தாழ்ப்பாள் ஆடியது.

"அங்க பாக்காதே. என்னைப் பாரு. புள்ள உன்னை எப்படிக் கூப்பிடும்?"



"தெருமுனையிலேர்ந்தே... 'யத்தோவ்'னு கத்திக்கிட்டு வரும்."

அவள் பிடியில் அவன் விரல்கள் துடித்தன.

"எரியுதுக்கா."

"எரியட்டும். நான் இருக்கேன்."

மீரான் அக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதான்.

அறை அடங்கியது.

மஜீதா தண்ணீர் கொண்டுவந்தாள். முந்தானையால் கணவனின் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்கள் காய்ந்து கிடந்ததை வஹீதா அப்போதுதான் கவனித்தாள்.

"நீ அழுதியா புள்ள?"

"எனக்கெங்கக்கா நேரம்? இவரைப் பாக்கவே சரியாப் போச்சு."

பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள்.

மஜீதாவின் குரல்.

மஜீதாவின் வாய் மூடியிருந்தது.