ஐந்தாவது கேள்வி

அவள் எழுதிய பக்கத்தில் நான்கு கேள்விகள்தான் இருந்தன. இப்போது ஐந்து.

நம்போசோ கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். ம்பாலே நகரின் கடைத்தெருவில், பழைய துணிக்கடைக்கு மேலே அவளுடைய ஒற்றை அறை. மதியத்திலிருந்து தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, கீழே மட்டோக்கே வாழைக்காய் வேகும் வாசம் படியேறி வரவேண்டிய நேரத்தில், இனிப்பும் கசப்பும் கலந்த வேறொரு நெடி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பின் நெடி, மடிக்கணினியைச் சுற்றித் தேங்கி நின்றது. அவள் வீட்டில் குழந்தையும் இல்லை, சிரப்பும் இல்லை.

மலையிலுள்ள மருந்தகங்கள் நோயாளிகளைப் பதிய ஒரு இலவச மென்பொருளை வைத்திருந்தன. அதில் சேர்த்துக்கொள்ள அவள் ஒரு செருகுநிரல் எழுதியிருந்தாள். குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேள்வி-பதிலாக அவள் எழுதிய அதன் விளக்கப் பக்கத்தைப் போல் தெளிவாக யாரும் எழுதுவதில்லை என்று பேர் வாங்கியிருந்தாள். முதல் பதிப்பு ஒரு வேளைக்கான அளவைக் காட்டியது. இரண்டாம் பதிப்பில் அதை நாள் முழுமைக்குமான அளவாக மாற்றினாள். பக்கத்தை மாற்ற மறந்துபோனாள். "காட்டும் அளவை மூன்று வேளை கொடுக்கவும்" என்ற வரி பதினெட்டு நாள் அப்படியே கிடந்தது. அதன்படி கொடுத்தால் குழந்தைக்குள் மூன்று மடங்கு மருந்து போகும்.

கண்டதும் திருத்தினாள். அதுவரை சரி. ஆனால் திருத்தத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று போட்டாள். 'ஆபத்து' என்று போட்டிருந்தால் அதைப் பயன்படுத்தும் பதினோரு மருந்தகங்களுக்கும் எச்சரிக்கை போயிருக்கும். வாங்கிய பேர் போய்விடுமே என்று கூசினாள். அந்தக் கூச்சம் ஒரு மாதமாக அவளுக்குச் சோற்றில் கல்லாகக் கடிபடுகிறது.

ஐந்தாவது கேள்வி இதுதான்: "மகனுக்கு மூன்று வேளையும் கொடுத்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. சரிதானே?"

பதில் இடம் காலி. திருத்தங்களின் பட்டியலைத் திறந்தாள். சேர்த்தவர்: நம்போசோ. காரணம்: எழுத்துப்பிழை திருத்தம்.

அழித்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். ஆறு கேள்விகள்.

கைபேசி அலறியது. தங்கை காயின்சா, மலைமேல் ஒரு மருந்தகத்தில் நர்ஸ்.

"அக்கா, உசுரோடதான் இருக்கியா? ஒரு போன் கெடையாது. பெரிய மனுஷி ஆயிட்ட போல!"

"வேலைடி."

"இங்க நாலு வாரமா மழை. நெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நல்லவேளை, நீ புதுசு விட்ட அன்னிக்கே உன் பக்கத்த அச்சடிச்சு செவுத்துல ஒட்டிட்டேன். அதப் பாத்துத்தான் எல்லாரும் மருந்து ஊத்துறோம். எங்கக்கா எழுதுனதுன்னு ஒரே பீத்தல்தான் போ!"

சுவரில் காகிதம். பழைய வரி. சொல்லிவிடு. கிழித்துப் போடச் சொல்.

"காயின்சா... அந்தக் காகிதத்துல..."

"ஏன்க்கா? எதாச்சும் தப்பா?"

அந்தக் குரலில் அக்காமேல் எத்தனை பெருமை! நம்போசோவைத் தடுத்தது பயம்கூட இல்லை. வெட்கம். வெறும் வெட்கம்.

"ஒரு எழுத்துப்பிழை. அவ்வளவுதான்."

"அட, இதுக்கா இந்த இழுவ! அத எவ பாக்கப்போறா? சரி வெக்கிறேன், ஒரு பாப்பாவுக்கு மூணாவது வேளை ஊத்தணும்."

"இரு! ஊத்தாத—"

இணைப்பு போய்விட்டது. திரும்ப அழைத்தாள். மணியே போகவில்லை. மறுபடி. மறுபடி.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். கண்ணாடிக் குப்பியில் கரண்டி தட்டும் சத்தம். அறைக்குள்ளேதான்.

ணங்.

ஏழு கேள்விகள். ஒன்பது. பதினான்கு. ஒவ்வொன்றும் ஒரு தாயின் கேள்வி.

பதில் இடத்தில் அடித்தாள்: கொடுக்காதீர்கள். தப்பு என்னுடையது.

திரையில் விழுந்தது: சரிதான். கொடுங்கள்.

அழித்தாள். அடித்தாள். சரிதான். கொடுங்கள்.

ணங். காதருகில்.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. "அக்கா, இந்தப் பாப்பாவும் எந்திரிக்கல. நீ எழுதுனது சரிதானே?"

நம்போசோ கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை. காரணம் கேட்கும் கட்டம் திறந்தது. சிரப்பில் நனைந்து பிசுபிசுத்த அவளுடைய பத்து விரல்களும், அவளைக் கேட்காமல், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கின: எழுத்துப்பிழை திருத்தம்.