வேலி தாண்டிய காரன்ட் செடி

"தள்ளிப் போ."

"போக மாட்டேன்."

மிஸ்டர் வெஸ்டல் களைக்கொல்லி டப்பாவை முதுகில் சுமந்தபடி நின்றார். அவருடைய புல்வெளியிலேயே, அவருக்கு நேர் எதிரே, அடுத்த வீட்டுச் சிறுமி லோட்டி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஏழெட்டு இளங்கன்றுகள் துளிர்விட்டிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் லோட்டி வீட்டுக் காரன்ட் என்ற பழச்செடிப் புதர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. ஏப்ரல் வந்தால் போதும், தெரு முழுக்கக் கிராம்பு வாசம்தான். கான்சாஸ் காற்று அதை ஊர்க்கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகும். வேர்களோ மண்ணுக்கடியில் ஓடி, வேலியைத் தாண்டி, மிஸ்டர் வெஸ்டலின் புல்லில் கன்று விட்டுவிட்டன. வம்பு அங்கேதான் தொடங்கியது.

"என் புல்லுல முளைச்ச களைக்கு நான் மருந்து அடிக்கிறேன். உனக்கென்ன?"

"இது களை இல்ல. எங்க செடியோட பிள்ளைங்க. வேர் எல்லாம் ஒண்ணுதான். இங்க மருந்து அடிச்சா அங்க அம்மா செடியும் கருகிடும்!"

"கருகட்டுமே. பரட்டைத் தலை மாதிரி ஒரு புதர்! போன மாசமே உங்க அம்மாகிட்ட வெட்டச் சொன்னேன்."

"அம்மா முடியாதுன்னாங்க. நானும் முடியாதுங்கறேன்."

"நானும்!" என்றான் வேலிமேல் தொங்கிக்கொண்டிருந்த தம்பி டோபி.

"ஓ, பட்டாளமே திரண்டிருக்கா?"

"இவ்வளவு வாசமா பூக்குதே, அதைப் போய் கருகட்டும்னு சொல்றீங்களே!"

"என்ன வாசம்?" என்றார் அவர்.

கேலி செய்கிறார் என்றுதான் லோட்டி நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"சின்ன வயசுல குதிரையிலிருந்து விழுந்தேன். அன்னிக்குப் போனது மூக்கு. பன்றிக் கொட்டிலும் ரோஜாவும் எனக்கு ஒண்ணுதான். உன் செடியில எனக்குத் தெரியறது பரட்டை மட்டும்தான்."

"அப்போ சாக்ஸ் நாத்தம்கூட வராதா?" என்றான் டோபி. "கொடுத்து வச்சவர்!"

லோட்டி சிரிக்கவில்லை. ஒரு கணம் யோசித்தாள். இருந்த இடத்தை விட்டு அசையாமலே கையை நீட்டினாள்.

"டோபி, ஒரு கொத்து பறிச்சுக் கொடு."

ஒரு பூவைக் கிள்ளி மிஸ்டர் வெஸ்டலிடம் நீட்டினாள். "அடிப்பக்கத்தைக் கடிச்சு உறிஞ்சுங்க."

"நான் என்ன ஆடா?"

"சும்மா உறிஞ்சுங்க. இதுக்கு மூக்கு வேண்டாம், நாக்கு போதும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாயில் வைத்தார். புருவம் மெல்ல மேலே ஏறியது. கொத்தையே வாங்கிக்கொண்டு இன்னொரு பூவைக் கடித்தார். அப்புறம் இன்னொன்று.

"இனிக்குதே!"

"தேன்."

"இருந்தாலும் என் புல்லுல இது நிக்கக் கூடாது," என்றார், வாய் நிறையப் பூவோடு.

"நானே தோண்டி எடுத்துக்கறேன். மருந்து மட்டும் கூடாது."

"வேர் மிச்சம் வைக்காம?"

"வைக்காம."

அவர் டப்பாவைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மண்வெட்டியோடு திரும்பி வந்தார். லோட்டி உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தோண்டினாள். வேலியோரம் அறுந்த வேர்கள் முழுதாக வெளியே வர, டோபி கன்றுகளை ஈரச் சாக்கில் அடுக்கினான்.

கடைசிக் கன்றை எடுத்தபோது மிஸ்டர் வெஸ்டல் தொண்டையைச் செருமினார்.

"அதை மட்டும்... என் சமையலறை ஜன்னல் பக்கம் நட்டுட்டுப் போ. பரட்டையா வளர்ந்துச்சுன்னா வெட்டிடுவேன், சொல்லிட்டேன்."

"வெட்ட விட மாட்டேன்," என்றாள் லோட்டி, அங்கே குழி தோண்டிக்கொண்டே.