கலங்கிய வட்டங்கள்

படிப்பு தொடங்கிய முதல் திங்கட்கிழமை காலையிலேயே வகுப்பு மொத்தமும் காய்ச்சலில் படுத்துவிட்டது. காய்ச்சல் மண்டபத்தில் நாற்பத்தொரு கட்டில்கள். திறந்த சன்னல் வழியே மணப்பாட்டுக் கடற்காற்று வந்து ஒவ்வொரு நெற்றியையும் தடவிவிட்டுப் போனது. "மரபிழை பிரிகிறது... நொதி வந்து அமர்கிறது..." என்று நாற்பது பேரும் தூக்கத்தில் ஒரே குரலாக முணுமுணுத்தார்கள்.

நாற்பத்தொன்றாவது கட்டிலில் ஜெசிந்தா சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். வெப்பமானி தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு காட்டியது. பாழாய்ப்போன உடம்பு, பாடத்தை அப்படியே துப்பிவிட்டது.

அந்தக் காலத்தில் நுண்ணுயிர் மரபியலும் நச்சுயிரியலும் படிக்க யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை. மூக்கில் இரண்டு சொட்டுப் பாடநுண்மி விட்டுக்கொண்டால் போதும். அதுவும் வைரஸ் என்கிற ஒரு நச்சுயிரிதான். நம் தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குள் புகுந்து, அதன் அடுப்பிலேயே பாடத்தைச் சமைத்து மூளைக்கு அனுப்பிவைக்கும். மூன்று நாள் இளஞ்சூடு, மூன்று நாள் கனவு. எழுந்தால் இரண்டாண்டுப் பாடமும் மண்டைக்குள் இருக்கும். வேலை முடிந்த பாடநுண்மி பத்தாம் நாள் உடம்பைவிட்டு நீங்கிவிடும் என்பதும் பாடத்திலேயே ஒரு வரி.

பக்கத்துக் கட்டில் செல்லக்கனி வியாழக்கிழமை கண் விழித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி!

"ஏட்டி, செல்லுக்குள்ளயே நடந்து போனேன்ட்டி. முட்டளவு தண்ணி, இளம்பச்சையா வெளிச்சம். தலைக்கு மேல டி.என்.ஏ ஏணி முறுக்கிக்கிட்டே போவுது. தொட்டா பாடுது, தெரியுமா?"

"என்ன பாட்டு?"

"அது சொல்ல வராது. நீ பாக்கணும்."

ஜெசிந்தா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பச்சைத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை கால் நனைத்தால் போதும் என்றிருந்தது. அடுத்த மாதம் மறுபடி சொட்டு விட்டார்கள். மறுபடியும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. மூன்றாவது முறையும் காய்ச்சல் காணாதவர் படிப்பைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி.

வேறு வழியில்லாமல் அவள் நூலகத்தில் தூசி படிந்து கிடந்த காகிதப் புத்தகங்களைத் தேடி எடுத்துப் படித்தாள். மற்றவர்கள் கனவில் செய்து முடித்த சோதனைகளையெல்லாம் கையால் செய்தாள். பாக்டீரியாவை அகர் கூழ் ஊற்றிய தட்டில் பரப்பிவைத்தால் மறுநாள் பாலாடை மாதிரிப் படர்ந்திருக்கும். நச்சுயிரி விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்து ஒரு வட்டம் தோன்றும். வட்டம் தெளிவாக இருந்தால் கொலை என்று பொருள். கலங்கியிருந்தால் நச்சுயிரி கொல்லவில்லை. பாக்டீரியாவின் மரபிழையான டி.என்.ஏ-வுக்குள்ளேயே சுருண்டு படுத்து உறங்குகிறது. உறங்கினாலும் லேசுப்பட்ட ஆளில்லை, தன் இனத்தில் இன்னொன்று வந்து தட்டினால் கதவைத் திறக்கவிடாது.

ஒருநாள் செல்லக்கனியை உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, அதைத் தட்டில் ஏற்றிப் பார்த்தாள். காய்ச்சல் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாடநுண்மி என்றோ போயிருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கலங்கிய வட்டங்கள்.

கெஞ்சிக் கூத்தாடி மீதி முப்பத்தொன்பது பேரையும் துப்பவைத்தாள். நாற்பது தட்டிலும் கலங்கல்தான். பாடநுண்மி யாரைவிட்டும் போகவில்லை. உள்ளே படுத்துக்கொண்டு பாடத்தை ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தொண்டையிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் மேல் புதிதாகப் பாடநுண்மியை விட்டாள், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அப்படியானால் பாடத்தில் பிழை இருந்தாலும், திருத்திய பாடம் இவர்களுக்கு இனி ஏறவே ஏறாது. தன் தொண்டையையும் சோதித்தாள். அங்கே எந்தக் குளத்துத் தண்ணீரில் வந்ததோ, அதே இனத்தில் பாடம் தெரியாத காட்டு நச்சுயிரி ஒன்று முன்னாலேயே இடம்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வராததற்குக் காரணம் அதுதான்.

பேராசிரியர் ஆவுடையப்பனிடம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். அவரும் இருபது வருடத்துக்கு முன் காய்ச்சலில் படித்தவர்தான். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வட்டம் தெளிவாத்தான் விழுந்திருக்கும்மா. மேல ஏதோ அழுக்கு படிஞ்சிருக்கு. மூடாம வச்சிட்டியா?"

ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதினார்: 'தட்டு அசுத்தம். திரும்பச் செய்க.'

திரும்பச் செய்தாள். ஆறு முறை செய்தாள். ஆறு முறையும் அதே சிவப்பு வரி.

"சார், ஆறு தடவையும் ஒரே மாதிரியா சார் அழுக்கு விழும்?"

அவர் கண்கள் ஒரு கணம் எங்கோ தூரத்தில் லயித்தன. உதடுகள் தாமாக அசைந்தன. "பத்தாம் நாள் நீங்கிவிடும்..." பிறகு அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். "கை சுத்தம் முக்கியம்மா. கவலப்படாத, உனக்குன்னே புது உறை போட்ட பாடநுண்மிச் சொட்டு வரவழைச்சிருக்கேன். உள்ள என்ன இருந்தாலும் இது ஏறிரும். ஏறலைன்னாதான் வெள்ளிக்கிழமை உன் பேரை எடுத்திருவாங்க."

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொட்டு ஏறினால் தானும் இவர்களில் ஒருத்தி ஆகிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. விட்டுக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால், பட்டம் இல்லாதவள் பேச்சு யார் காதில் விழும்? முதலில் பட்டம், பிறகு உண்மை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதிப் பொய். அந்தப் பச்சைத் தண்ணீரை நினைத்து அவள் மனசு அடித்துக்கொண்டு கிடந்தது என்பதே நிஜம்.

ஆனால் அவள் ஏமாளி இல்லை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள்: 'ஜெசிந்தா, இது உன் கையெழுத்து. நாற்பது பேர், ஆறு முறை. தட்டு சுத்தம், வட்டம் கலங்கல். கனவு என்ன சொன்னாலும் சரி, உன் கண்ணை நம்பு.' நல்ல தட்டு ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நோட்டைச் செல்லக்கனியிடம் கொடுத்தாள்.

"நான் முழிச்சதும் மொதல்ல இதையும் அந்தத் தட்டையும் என் கையில குடுக்கணும். சத்தியம் பண்ணு."

"சரிட்டி, சத்தியம். நீ பயப்படாமத் தூங்கு."

சொட்டு ஏறியது. நாற்பது கட்டில்கள் காலியாகக் கிடந்த மண்டபத்தில் அவள் தன்னந்தனியாக முணுமுணுத்தாள்.

முட்டளவு தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இளம்பச்சை வெளிச்சம் கீழிருந்து வருகிறதா மேலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. ஏணி முறுக்கிக்கொண்டே மேலே போனது. தொட்டாள், பாடியது. ஐயோ, அந்தப் பாட்டு! நொதிகள் ஒவ்வொன்றாக வந்து அவள் பெயர் சொல்லி விசாரித்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தண்ணீரிலேயே மிதந்து வந்தது. கனவின் பத்தாம் நாள், அத்தனையும் சொல்லிக்கொடுத்த சின்னஞ்சிறு விருந்தாளி ஒரு படகில் ஏறிக்கொண்டது. அவள் கரையில் நின்று கையசைத்தாள். படகு புள்ளியாகி மறைந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். மனசு நிறைந்து அழுதாள்.

வியாழக்கிழமை காலை கண் விழித்தபோது செல்லக்கனி நோட்டோடும் தட்டோடும் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தியத்தக் காப்பாத்திட்டேன், பாத்துக்கோ. எப்படிட்டி இருந்துச்சு?"

"சொல்ல வராதுட்டி," என்றாள் ஜெசிந்தா. அவள் முகத்திலும் அதே தெளிச்சி.

கடைசிப் பக்கத்தை நிதானமாக, இரண்டு தரம் படித்தாள். தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடுகள் மெல்ல அசைந்து நின்றன.

"பாவம்," என்றாள்.

"யாரு?"

"இத எழுதுன பிள்ள. என்னா உழைப்பு உழைச்சிருக்கா! கை சுத்தம் மட்டும் இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா."

தட்டைக் கிருமிநாசினி வாளிக்குள் அமுக்கினாள். பிறகு சிவப்புப் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்துக்குக் கீழே, தன் கையெழுத்திலேயே எழுதினாள்: 'தட்டு அசுத்தம். திரும்பச் செய்க.'